அஞ்சலையின் மூக்கும் அண்ணியின் மூக்குத்தியும்

அஞ்சலை என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு சாவு வீட்டில். கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்த புதிது. என் மாமனாரின் பங்காளி ஒருவர் இறந்துபோனார். சிங்கப்பூரிலிருந்து மூத்த மகன் வரட்டும் என்று பிணத்தை மறுநாளும் வீட்டில் வைத்திருந்தார்கள். நம் ஊர் வெயிலில் அப்படி வைத்தால் என்ன ஆகும்? சாம்பிராணி போட்டார்கள், ஊதுவத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தினார்கள். தாங்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக அடுப்படிப் பக்கம் நழுவிவிட்டார்கள். தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் விட ஆள் இல்லை. அப்போதுதான் பாக்கியலட்சுமி பெரியம்மா சத்தம் போட்டாள்.

"அஞ்சலையக் கூப்பிடுங்கலா! அவளுக்குத்தான் ஒரு நாத்தமும் தெரியாதே. அவ உக்காரட்டும்."

வந்து உட்கார்ந்தவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். வாயைத் திறந்துகொண்டே மூச்சு விட்டாள். வலப்பக்கம் எட்டுக்கல் மூக்குத்தி. ஓரமாக நின்ற என்னைப் பார்த்து, "நீ போம்மா, உனக்கு நாத்தம் தெரியுமில்ல" என்றாள். துணி மூட்டைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது குரல்.

உறவைச் சொல்லிவிடுகிறேன். பாக்கியலட்சுமி என் மாமியாருக்குச் சின்னம்மா மகள். என் வீட்டுக்காரருக்குப் பெரியம்மா, அதனால் எனக்கும் பெரியம்மா. அவளுடைய ஒரே தம்பி அப்பாசாமி எங்களுக்கு மாமா. முனிசிபல் ரோட்டு வேலை. தாய் இல்லாத தம்பியைப் பெரியம்மாதான் தூக்கி வளர்த்தாள். அதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் கடைசிவரை இடுப்பிலிருந்து இறக்கி விடவில்லை. அந்த அப்பாசாமி மாமாவுக்கு வாக்கப்பட்டவள்தான் அஞ்சலை அத்தை. மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் அக்காளும் தம்பியும் அடுத்தடுத்த பலகை வீடுகளில் இருந்தார்கள். இரண்டு வீடு தள்ளி நாங்கள்.

எங்கே எலி செத்தாலும், எந்தச் சாக்கடை அடைத்தாலும், எந்தப் பிள்ளை வாந்தி எடுத்தாலும் "அஞ்சலை!" என்று ஒரு குரல் வரும். வீட்டில் ஒருத்திக்கு மூக்கு அடைத்திருப்பது மற்றவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் அதுதான்.

அத்தைக்கோ மூக்கு இல்லாமல் பிழைப்பே இல்லை. அவள் மசாலா அரைத்து விற்றவள். அந்தக் காலத்தில் மிளகாய், மஞ்சள், மல்லி என்று ஈரமாக அம்மியில் அரைத்து உருண்டை பிடித்து, வாழையிலையில் அடுக்கி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மலாய்க்கார வீடு, சீன வீடு, எல்லாரும் வாங்குவார்கள். அத்தையின் பெரிய வாடிக்கை செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பு. வட்டித் தொழில் செய்யும் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. இந்தச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்னே வந்தவர்கள். திருநீறு பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள், பேச்சு மட்டும் மலாய். அங்கே எல்லாரும் பீபி என்று கூப்பிடும் ஒரு அம்மாள் இருந்தார். பீபி எடுத்தால் கம்பமே எடுக்கும், பீபி விட்டால் கம்பமே விடும்.

மசாலா அரைப்பவளுக்குப் பாதிக் கண் மூக்கில் இருக்கிறது. மல்லி பூஞ்சை பிடித்ததா, மஞ்சள் பழசா என்பதைக் கண் சொல்லாது. அத்தைக்குப் பெரிய மகள் விஜயா வயிற்றில் இருந்தபோது அடைக்கத் தொடங்கிய மூக்கு அது. முதலில் ஒரு பக்கம், அப்புறம் இரண்டு பக்கமும். தும்மல், சளி, நெற்றி கனம். பிறகு வாசனை போயிற்று. நாக்கில் உப்பு, புளிப்பு, உறைப்பு மட்டும் மிச்சம். குழம்புக்கும் குழம்புக்கும் வித்தியாசம் தெரியாது. "சோறு திங்கிறது துணியத் திங்கிற மாதிரி இருக்குடி" என்பாள். மல்லி எடுக்கும் கடையையும் மாற்றாமல், அளவையும் மாற்றாமல், பழக்கத்தின் பேரில் அரைத்துக்கொண்டிருந்தாள். என்றைக்கு மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அம்மியோடு சேர்ந்து உருண்டுகொண்டே இருந்தது.

வைத்தியம் சொல்லாதவர் யார்? நொச்சியில் ஆவி பிடி என்றார்கள். மஞ்சளைச் சுட்டு முகரச் சொன்னார்கள். முகர மூக்கு எங்கே இருக்கிறது? தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்ற கருணாகரன் எங்கள் தெருமுனையில் மருந்து கொடுத்துவந்தார். அவர் ஒரு சொட்டு மருந்து தந்தார். விட்டால் கொஞ்ச நேரம் திறக்கும், பிறகு முன்னைவிடக் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். தலைவலிக்கு வெள்ளை மாத்திரை தந்தார். அதைப் போட்டால் தலைவலி குறையும், ஆனால் நெஞ்சு இழுக்கும். "குளிர்ந்த உடம்பு, மழையில நனையாத" என்று அதற்கும் ஒரு பேச்சு.

பாக்கியலட்சுமி பெரியம்மாவின் கண்டுபிடிப்புதான் எல்லாவற்றுக்கும் மேல்.

"மூக்குத்தி சேரலடி உனக்கு. திருகாணி உள்ள குத்திக் குத்திச் சதை வளந்திருக்கும். எங்கம்மா போட்டுக்கிட்டது, நல்ல பொன்னுதான். உன் மூக்குக்குத்தான் சேரல. பக்கத்த மாத்திப் போட்டா சரியாப் போயிடும்."

"எடப்பக்கமும்தானே அண்ணி அடைச்சிருக்கு? அந்தப் பக்கம் என்னைக்குக் குத்துனாங்க?"

"வாய் மட்டும் அடைக்க மாட்டேங்குது பாரு!"

நகை செய்கிற ஏகாம்பரப் பத்தர் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நானும் கூடப் போனேன். இடப்பக்கம் குத்த ஊசியை எடுத்தவர், விளக்கைக் கிட்டே பிடித்து மூக்குக்குள் பார்த்தார். ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"உள்ள என்னமோ தொங்குதும்மா. தோலுரிச்ச லங்சாட் பழச் சுளை மாதிரி வெளுப்பா இருக்கு. நான் கை வைக்க மாட்டேன்."

பெரியம்மாவும் குனிந்து பார்த்தாள். "ஐயோ, புத்து!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் அதே பேச்சு. வீட்டுக்கு வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்கு என்கூட வரியா?" என்று கேட்டாள். உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஒரு மனுஷன் கண்ணால் பார்த்துச் சொன்னதே அவளுக்குப் பாதித் தெம்பு. அதுவரை எல்லாரும் அவள் சும்மா மூக்கை உறிஞ்சுகிறாள் என்றுதானே சொன்னார்கள்.

காது மூக்கு பார்க்கிற டாக்டர் வெளியூரிலிருந்து சில மாதங்களுக்கு ஒரு முறை வருவார். தமிழர். நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, மூக்கை ஒரு இடுக்கியால் விரித்து, மெல்லிய கம்பியால் உள்ளே தொட்டார்.

"வலிக்குதாம்மா?"

"தொட்டுட்டீங்களா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். "அதான் அடையாளம். இது சதை இல்ல, புத்தும் இல்ல. மூக்குக்குள்ள ஈரமா மெல்லிசா ஒரு தோலு இருக்கு. அது வீங்கி, தண்ணி கோத்து, கொடியில ஈரத்துணி தொங்குற மாதிரி தொங்கிடும். ரெண்டு பக்கமும் கொத்துக்கொத்தா இருக்கு. காத்து போற வழியையும் மறிக்குது, வாசனை மேல ஏறுற வழியையும் மறிக்குது."

"மூக்குத்தியாலதான் வந்துச்சுன்னு எங்க அண்ணி சொல்றாங்க."

"மூக்குத்தி முன்வாசல்ல இருக்கு. இது மாடியிலேர்ந்து இறங்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப மொளகாவாலயா? நான் மசாலா அரைக்கிறவ."

"மொளகா தும்ம வைக்கும். இத மொளைக்க வைக்காது."

"பின்ன எதனாலதான் டாக்டர்?"

"சரியாத் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

கம்பியில் வளையம் போட்டு, கழுத்தைச் சுருக்கிட்டு இழுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்றார். மரத்துப்போக மருந்து வைத்துவிட்டு, உட்கார வைத்தே எடுப்பாராம். "ஆனா ஒண்ணு, திரும்ப வளரலாம்" என்றார்.

"வளரும்னா எதுக்கு எடுக்கணும்?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"நடுவுல மூச்சு விடலாமே" என்றார்.

அத்தைக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அடுத்த முறை அவர் வரும்போது எடுப்பது என்று முடிவாயிற்று. கிளம்பும்போது நர்ஸ் சொன்னாள், அன்றைக்கு மூக்குத்தி இருக்கக் கூடாது, கழற்றிவிட்டு வர வேண்டும், திருகாணி கருவிக்கு இடைஞ்சல் என்று.

வினை அங்கேதான் தொடங்கிற்று. மூக்குத்தியால்தான் எல்லாம் வந்தது என்று பத்தர் வீடுவரை இழுத்துப்போன அதே பெரியம்மா, கழற்ற வேண்டும் என்றதும் சாமி வந்தவள்போல ஆடினாள்.

"எங்கம்மா போட்டிருந்த மூக்குத்தி! என் தம்பி குத்துக்கல்லு மாதிரி உயிரோட இருக்கிறப்ப இவ மூக்க மூளியா வெச்சிக்கிட்டு நிக்கப் போறாளா?"

"பக்கத்த மாத்தச் சொன்னீங்களே அண்ணி, அப்பயும் கழட்டித்தானே ஆகணும்?"

"அது மாத்துறது. இது கழட்டுறது. ரெண்டும் ஒண்ணாடி?"

மாமாவைப் பார்த்தோம். அவர் தார் படிந்த கால் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "அக்கா சொல்றதும்..." என்றார். முடிக்கவில்லை. அவர் எந்தப் பேச்சைத்தான் முடித்தார்? டாக்டர் வந்த அன்று அத்தை அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்தார், போனார்.

அந்த மழைக்காலம் போய்ப் போகி வந்தது. செட்டிக் கம்பத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை, அதில் ஒன்று போகியன்று, பார்ச்சு என்று முன்னோர்களுக்குப் படையல் போடுவார்கள். இறந்துபோனவர்கள் வந்து சாப்பிடுகிறார்கள் என்பது நம்பிக்கை. அதற்கான மசாலாவை வெளியே வாங்கவே மாட்டார்கள். அந்த வருஷம் பீபிக்குக் கை மூட்டெல்லாம் வீங்கி அம்மிக் குழவியைப் பிடிக்க முடியவில்லை. "நீ அரைத்துக் கொடு" என்று அத்தையிடம் சொன்னார். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெரிய நம்பிக்கை அது.

அந்த மசாலாவுக்குப் புவா கெராஸ் என்கிற எண்ணெய்க் கொட்டை போட வேண்டும். மழையில் மூட்டைக்குள் ஈரம் இறங்கிக் கொட்டை சிக்குப் பிடித்திருந்தது. உடைத்ததுமே மூக்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தை உடைத்தாள், அரைத்தாள், உருட்டினாள், கொடுத்தாள். சமைக்கும்போது மிளகாயும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் சேர்ந்து அந்த வாடையை மூடிவிட்டன. படையல் சோற்றை முன்கூட்டி ருசி பார்க்கவும் கூடாது. முன்னோர்களுக்குப் போட்டு, கும்பிட்டு, பிறகு குடும்பம் உட்கார்ந்து முதல் வாய் வைத்தபோதுதான் தொண்டையைக் காறியது.

பீபி மறுநாள் காலையில் அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. மலாயில் மெதுவாகக் கேட்டார், "வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வர்றாங்க, அஞ்சலை. வந்தவங்களுக்கு இதையா போட்டேன்?"

பீபி போய்விட்டார். கம்பமும் போய்விட்டது. இரண்டு மூன்று மலாய் வீடுகள் மட்டும் மிஞ்சின. அம்மிக்கல் காய்ந்து கிடந்தது. பெரியம்மா அதன்மேல் துணி காயப் போட்டாள்.

அதற்குப் பிறகு டாக்டர் வருகிற வாரத்தில் ஒரு நாள், மாமா வேலைக்குக் கிளம்பும்போது அத்தை செருப்பை மாட்டிக்கொண்டாள். "என்கூடப் பத்தர் வீட்டுக்கு வாங்க" என்றாள். மாமா அக்காள் வீட்டு வாசலைப் பார்த்தார். "அங்க பாக்காதீங்க. இங்க பாருங்க" என்றாள் அத்தை. அப்படி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. மாமா போனார். நானும் பின்னாலேயே போனேன்.

திருகாணி வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்தது. பத்தர் எண்ணெய் விட்டுத் திருகிக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா வந்துவிட்டாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"பத்தரே! சுமங்கலிக்குக் கழட்டுற கையி வெளங்குமா?"

பத்தர் கையை எடுத்துவிட்டார். அத்தை தானே விரலை விட்டுத் திருகினாள். கொஞ்சம் ரத்தம் வந்தது. மூக்குத்தி கையோடு வந்தது. அதை மாமாவின் சட்டைப் பையில் போட்டுப் பையைத் தட்டினாள்.

"உயிரோட இருக்கிற புருஷன் பையிலதான் இருக்கு அண்ணி. மூக்குல இருந்தா என்ன, நெஞ்சுல இருந்தா என்ன?"

மாமா பையின்மேல் கை வைத்துக்கொண்டு, "இருக்கட்டுங்க்கா" என்றார். முழுசாகச் சொல்லி முடித்த ஒரு பேச்சு. பத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் உலையை ஊதினார்.

இத்தனைக்குப் பிறகாவது காரியம் நடக்க வேண்டாமா? ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அத்தைக்கு நெஞ்சு விசிலடித்தது. இந்த நிலையில் கை வைக்க முடியாது என்றார் டாக்டர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் என்ன சாப்பிட்டாள், என்ன குடித்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தலைவலிக்கு டிரெஸ்ஸர் மாத்திரை போட்டேன் என்றாள் அத்தை. மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"ஆஸ்பிரின். இதப் போட்டா எப்பவும் இழுக்குமா?"

"இழுக்கும் டாக்டர். மழைக் குளிருன்னு சொன்னாங்க."

"மூக்குல இது உள்ள சில பேருக்கு இந்த மாத்திரை ஆகாது. நெஞ்சப் பிடிக்கும், மூக்கும் மோசமாகும். இனிமே வாழ்நாள்ல தொடாத."

தலைவலிக்கு மாத்திரை, மாத்திரைக்கு இழுப்பு, இழுப்புக்கு ஆவி என்று வருஷக்கணக்கில் சுற்றியிருக்கிறோம். திரும்பி வந்து கருணாகரனிடம் சொன்னபோது, "ஊரே சாப்பிடுது, இவளுக்கு மட்டும் ஆகாதா?" என்றார். ஆகவில்லையே! நிறுத்தியதும் இழுப்பு பாதியாகக் குறைந்தது.

கடைசியில் நாடு சுதந்திரம் பெற்று மெர்டேக்கா கொண்டாடிய அந்த மாதத்தில்தான் எடுத்தார்கள். தெருவெல்லாம் கொடி. மாமா வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருந்தில் நனைத்த துணிப்பட்டையை மூக்கில் திணித்து மரத்துப்போக வைத்து, நாற்காலியில் உட்கார வைத்தே எடுத்தாராம். வலி இல்லை, மண்டைக்குள் யாரோ கொடியைப் பிடுங்குகிற மாதிரி நறநறவென்று சத்தம் கேட்டது என்று அத்தை பிறகு சொன்னாள். தட்டில் கிடந்ததை எனக்குக் காட்டினார்கள். பத்தர் சொன்ன லங்சாட் சுளைதான், ஒரு கை அளவுக்கு.

மூக்கில் அடைத்திருந்த துணியெல்லாம் எடுத்தபிறகு வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆற்றுப் பாலம் தாண்டும்போது அத்தை டக்கென்று நின்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி இது, இந்தச் சேறு இப்படியா நாறுது?"

அழுதுகொண்டே சிரித்தாள். நாற்றத்துக்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் வேறே பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தால் பெரியம்மா வீட்டுப் பரணில் ஏதோ செத்திருக்கிறது. "அஞ்சலை!" என்று வழக்கமான குரல். அத்தை வாசலிலேயே நின்று, "நாறுது அண்ணி, நான் வர மாட்டேன்" என்றாள். பெரியம்மாவுக்கு அதுதான் மூக்குத்தியைவிடப் பெரிய அடி.

அடுத்த வாரம் அத்தை வெறுங்கையோடு பீபி வீட்டுக்குப் போனாள். பீபி ஒரு தட்டில் எண்ணெய்க் கொட்டைகளை வைத்து உடைத்துக் கொடுத்தார். அத்தை ஒவ்வொன்றாக முகர்ந்து, இரண்டை எடுத்துத் தனியே வைத்தாள். பீபி அந்த இரண்டையும் வாங்கி முகர்ந்தார். பின்பக்கம் போய் எறிந்துவிட்டு வந்து, "போகிக்கு நீயே அரை" என்றார்.

இதோடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். அந்தப் போகி நல்லபடியாகப் போயிற்று. ஆனால் டாக்டர் சொன்னது நடந்தது. இரண்டாவது வருஷம் வாசனை மங்க ஆரம்பித்தது. ஒரு நாள் அத்தை சாம்பிராணிப் புகைக்குள் உட்கார்ந்துகொண்டு, "போட்டாச்சா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "அப்பவே சொன்னேன், கழட்டக் கூடாதுன்னு" என்று பெரியம்மா ஆரம்பித்தாள். மூளியானதால்தான் திரும்ப வளர்ந்ததாம்!

இந்தத் தடவை அத்தை மறைக்கவில்லை. நேரே பீபியிடம் போய், "மூக்கு மறுபடி மூடுது, பார்ச்சுக்கு வேறே ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். "கொட்டையை இங்கே கொண்டு வா. நான் மோந்து தர்றேன், எனக்கு மூக்கு இருக்கு, கை இல்லை. நீ அரை, உனக்குக் கை இருக்கு" என்றார் பீபி. பீபி இருந்தவரை இந்த ஏற்பாடுதான் ஓடியது.

மூக்கை அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை சுத்தம் செய்தார்கள். எடுக்க, வளர, எடுக்க, வளர. ஒவ்வொரு தடவையும் சில காலம் குழம்பு குழம்பாக இருக்கும், பிறகு துணியாகிவிடும். கம்பி போய் உள்ளே பார்த்து எடுக்கிற குழாய் வந்தது, மாத்திரை வந்தது. கடைசியாக மூக்கில் அடிக்கிற மருந்து வந்தது. அதை விடாமல் அடித்தால் சீக்கிரம் வளர்வதில்லை. விட்டால் வரும். இதை முப்பது வருஷத்துக்கு முன்னே கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று அத்தை திட்டுவாள். யாரைத் திட்டுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

பெரியம்மாவும் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாமாவைக் குளிப்பாட்டுமுன் அத்தை அவர் சட்டைப் பையில் அத்தனை வருஷமும் இருந்த மூக்குத்தியை எடுத்து விஜயாவிடம் கொடுத்தாள். விஜயா மூக்குக் குத்திக்கொள்ளவில்லை, பெட்டியில் வைத்திருக்கிறாள்.

அஞ்சலை அத்தை இப்போது மலாக்காவிலேயே செமாபோக்கில் விஜயா வீட்டில் இருக்கிறாள். காலையில் பல் துலக்கியதும் மூக்கில் மருந்து அடித்துக்கொள்கிறாள்.